சினை மீனும் குருவிக்கூடும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 1:20–22, உபாகமம் 22:6, 7



மழைக்காலம் நெருங்குகிற இந்த நாட்களில், நம்முடைய அடுப்பங்கரையோடும் ஆற்றங்கரையோடும் தொடர்புடைய ஒரு காரியத்தைத் தியானிக்கும்படி உங்களை அழைக்கிறேன். மீன் பிடிப்பதையும் மீன் உண்பதையும் குறித்துப் பிரசங்க பீடத்திலிருந்து என்ன சொல்ல இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். சீஷர்களில் சிலரை வலையோரத்திலிருந்து அழைத்தவரும், உயிர்த்தெழுந்த பின்பு பொரித்த மீன் கண்டத்தைக் கேட்டு வாங்கிப் புசித்தவருமாகிய நம் ஆண்டவருக்கு இது அற்பமான பொருளாய் இருந்ததில்லை. ஆகையால் சபைக்கும் அது அற்பமானதாய் இருக்க வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தின் வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் இந்த ஆறுகளில் புதுவெள்ளம் வரும்போது, மடுக்களிலும் குட்டைகளிலும் ஒதுங்கியிருந்த மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்குகின்றன. கெண்டை, கெளுத்தி, ஆரல் முதலியவை ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஏரிக்கும், சில வேளைகளில் நாற்று நட்ட வயலுக்கும் ஏறிவருகின்றன. அவை ஏறுவது முட்டையிடுவதற்காக. அந்த நாட்களில் பெண் மீனின் வயிறு சினையால் நிறைந்திருக்கும். ஆண் மீனும் அதோடு சேர்ந்து ஏறும்.

தடுப்பணையோ, கலிங்கோ, மூடிய மதகோ எதிர்ப்படும் இடத்தில் அவை மேலே செல்ல வழியின்றித் திரண்டு நிற்கும். அந்த இடத்தில்தான் மனிதனும் வந்து நிற்கிறான். வலை வீசுகிறவர்கள் உண்டு; ஊத்தா கவிழ்க்கிறவர்கள் உண்டு. இவை பழைய முறைகள். இவற்றோடு, இரை எதுவும் கோக்காத வெறுங்கொக்கிகளை ஒரு கயிற்றில் வரிசையாகக் கட்டி, கூட்டத்தின் நடுவே எறிந்து வெடுக்கென்று இழுக்கிறவர்களும் உண்டு. மீன் வாயைத் திறந்து இரையைக் கவ்வ வேண்டியதில்லை. முதுகிலோ வயிற்றிலோ கண்ணிலோ, எங்கே மாட்டினாலும் அது கரைக்கு வந்துவிடும். மாட்டிக் கிழிந்து தப்பிய மீன்கள் எத்தனை என்பதை யாரும் எண்ணுவதில்லை. இவற்றையும் விடக் கொடியது, மின்கம்பியிலிருந்து கொக்கி போட்டு நீரில் மின்சாரத்தைப் பாய்ச்சுவது. அது பெரிய மீன், சிறிய மீன், குஞ்சு என்ற வேறுபாடின்றி யாவற்றையும் தாக்குகிறது. அதைச் செய்கிறவன் உயிரையும் வாங்கிவிடுகிறது.

மீன் உண்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. சினை சுமந்து ஏறுகிற மீனை, அது முட்டையிடுவதற்கு முன்பே, தப்ப வழியில்லாத இடத்தில் பிடித்து உண்பது விசுவாசிக்குத் தகுமா என்பதே கேள்வி. தகாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைத் திருமறையிலிருந்தும், உலகில் நடந்தவற்றிலிருந்தும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் ஆசீர்வாதம் யாருக்கு?

திருமறையில் தேவன் முதன்முதலாக ஆசீர்வதித்தது யாரை என்று கேட்டால், நம்மில் அநேகர் ஆதாம் ஏவாளை என்று பதில் சொல்லுவோம். ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தைக் கவனமாய் வாசித்தால் விடை வேறு. மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். ஐந்தாம் நாளிலேயே தேவன் நீர்வாழ் உயிர்களையும் பறவைகளையும் படைத்து, அவை பலுகிப் பெருகி, சமுத்திர ஜலத்தை நிரப்பும்படி ஆசீர்வதித்துவிட்டார். வேதாகமத்தின் முதல் ஆசீர்வாதம் மீனுக்கும் பறவைக்கும் உரியது. மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட ஆளுகை அதற்குப் பின்பு வருகிறது. ஆகவே, மீன்களின்மேல் நமக்குள்ள அதிகாரம் ஏற்கெனவே ஆசீர்வதிக்கப்பட்ட உயிர்களின்மேல் கொடுக்கப்பட்ட அதிகாரமாகும். பிதா ஆசீர்வதித்ததைப் பிள்ளை அழிப்பது ஆளுகை ஆகாது.

அந்த ஆசீர்வாதம் எப்படி நிறைவேறுகிறது? புதுவெள்ளத்தில் ஏறுகிற சினை மீனின் வயிற்றில் நிறைவேறுகிறது. ரோகு போன்ற பெருங்கெண்டை இனங்களில், உடலின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறக்குறைய இரண்டு லட்சம் முட்டைகள் வரை இருக்கும். அவற்றில் மிகச் சிலவே வளர்ந்து பெரிய மீனாகும் என்பது உண்மை. ஆயினும் அந்தச் சிலவும் பிழைக்க வேண்டுமானால் தாய் மீன் முட்டையிடும் இடத்தைச் சென்றடைய வேண்டும். மதகடியில் இழுபடும் ஒரு மீனோடு அடுத்த ஆண்டின் மீன்களும் இழுபடுகின்றன.

மிகச் சிறிய கட்டளை

இதோடு உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளையைச் சேர்த்து வாசியுங்கள். வழியில் ஒரு குருவிக்கூடு தென்படுகிறது. தாய்ப்பறவை முட்டைகளின்மேலோ குஞ்சுகளின்மேலோ அமர்ந்திருக்கிறது. இஸ்ரவேலன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாயைப் போகவிட வேண்டும். இரண்டையும் ஒருமிக்க எடுத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி இல்லை. இந்தக் கட்டளைக்குச் சொல்லப்பட்ட பலன் வியப்பானது. நன்றாயிருப்பதும் நீடித்த நாட்களும் அதற்கு வாக்குப்பண்ணப்பட்டிருக்கின்றன. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுகிறவனுக்குக் கொடுக்கப்பட்ட அதே வாக்குத்தத்தம் இது. யூத ரபிமார் தங்கள் மிஷ்னா நூலில் இதனை எளிய கட்டளைகளுக்கு ஓர் உதாரணமாகக் குறிப்பிட்டு, இத்தனை எளியதற்கே இத்தனை பெரிய பலன் உண்டென்றால், கடினமானவற்றைக் கைக்கொள்ளுவதன் பலன் எவ்வளவாயிருக்கும் என்று சிந்தித்தார்கள்.

கட்டளையின் உள்ளான நோக்கம் தெளிவு. பசிக்கு உணவு எடுத்துக்கொள். உணவின் ஊற்றை அடைத்துவிடாதே. பறவையிடத்தில் தாயையும் குஞ்சையும் பிரித்தெடுக்க முடியும். சினை மீனிடத்தில் அது இயலாது. தாயும் பிள்ளைகளும் ஒரே உடலுக்குள் இருக்கிறார்கள். அங்கே இக்கட்டளையைக் கைக்கொள்ள ஒரே வழிதான் உண்டு: காத்திருப்பது.

விரால் மீனிடத்தில் இக்கட்டளை இன்னும் நேராகப் பொருந்தும். விரால் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. செந்நிறமான அதன் குஞ்சுகள் நீர்ப்பரப்புக்குக் கீழே ஒரு கூட்டமாய்த் திரியும்போது, தாயும் தகப்பனும் அடியில் நின்று காவல் காக்கும். இதை அறிந்தவர்கள் அந்தக் குஞ்சுக்கூட்டத்தின் நடுவே தூண்டிலை இறக்குகிறார்கள். பிள்ளைகளை விட்டு அகலாத அதன் குணமே அதற்குக் கண்ணியாகிறது. காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் விழுங்கிவிடும். உபாகமத்தின் குருவிக்கூட்டையும் நம் ஊர்க் குட்டையையும் பிரிப்பது நீர் மட்டுமே.

கொள்ளிடம் இழந்த மீன்

“நாலு மீன் பிடித்தால் ஆறு வற்றிவிடுமா?” என்று கேட்கிறவர்களுக்குக் கொள்ளிடமே ஒரு சாட்சியாக இருக்கிறது. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆறுகளில் ஏறிவரும் உல்லம் என்னும் மீனைப்பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வங்காளத்தில் அதனை இலிஷ் என்கிறார்கள். கோதாவரிக் கரையில் புலசா என்று கொண்டாடுகிறார்கள். அந்த மீன் ஒருகாலத்தில் கொள்ளிடத்திலும் காவிரியிலும் திரளாய் ஏறிவந்தது.

1836இல் ஆர்தர் காட்டனின் திட்டத்தின்படி கொள்ளிடத்தில் மேலணையும், அதற்குக் கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டன. இந்த அணைகளால் தஞ்சைப் பகுதியும் வீராணம் ஏரியின் பாசனமும் பெற்ற நன்மையை நான் மறுக்கவில்லை. காட்டனும் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தியுடையவரே. ஆனால் ஏறிவந்த மீனுக்கு அணை ஒரு சுவராயிற்று. 1873இல் இந்திய நன்னீர் மீன்களைக் குறித்து அறிக்கை வெளியிட்ட பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர், ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட அணைகள் மீன்களின் ஏற்றத்தைத் தடுப்பதையும், அணைகளின் அடியில் திரண்டு நிற்கும் மீன்கள் பெருவாரியாகப் பிடிக்கப்படுவதையும் அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் கொள்ளிடத்தின் கீழணையிலேயே உல்ல மீனின் முட்டைகளைச் செயற்கையாய்ப் பொரிக்கவைக்க முயன்றார்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்பு, காவிரியில் உல்லம் ஏறிவருவது ஏறக்குறைய நின்றேபோயிற்று. இன்று நம் பகுதியில் அந்த மீனின் பெயரை அறியாத இளைஞர்களே மிகுதி.

வேறோர் அணையடி

உலகின் மறுபுறத்தில் இதே போன்ற ஓர் அணையடியில் என்ன நடக்கிறது என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் எல்லோஸ்டோன் ஆற்றின் குறுக்கே, பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரு சிற்றணை உண்டு. இன்டேக் என்பது அந்த இடத்தின் பெயர். அங்கே துடுப்பு மீன் என்று சொல்லத்தக்க ஒரு மீன் வசந்தகால வெள்ளத்தில் முட்டையிட ஏறிவருகிறது. படகுத் துடுப்பைப்போல் நீண்டு தட்டையான மூக்குடையது அது. மிகவும் தொன்மையான இனம். நம் அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகள் கடலடியாய் இருந்த அந்த யுகத்திலேயே இதன் மூதாதையர் வாழ்ந்ததற்குப் புதைபடிவச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன.

இத்தனை பெரிய மீன் உண்பதோ கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களை. வாயைத் திறந்தபடி நீந்தி, நீரை வடிகட்டி உண்ணும். ஆகையால் எந்த இரைக்கும் அது தூண்டிலைக் கவ்வாது. அதைப் பிடிக்க வேண்டுமானால், கனமான ஈயக்குண்டோடு பெரிய முக்கொக்கியைக் கலங்கல் நீரில் எறிந்து இழுத்து இழுத்து, உடலில் எங்காவது மாட்டவைக்க வேண்டும். நம் மதகடியில் நடக்கிற அதே வேலைதான்.

அதைச் சமைப்பதற்கு ஆயத்தப்படுத்தும் முறையும் தனியானது. அதற்கு முள் கிடையாது. எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பே உண்டு. வாலருகே சுற்றிலும் கீறி, முதுகுத்தண்டாய் உள்ள நீண்ட நரம்பு போன்ற தண்டைக் கயிறு உருவுவதுபோல் உருவிவிடுகிறார்கள். தோலை உரித்து, வாடை மிகுந்த செந்நிறச் சதையை அரிந்து நீக்கிவிட்டு, வெள்ளைச் சதையை மட்டும் பொரித்தோ சுட்டோ புகையூட்டியோ உண்கிறார்கள். அதன் சினையைச் சவ்விலிருந்து பிரித்து, கழுவி, உப்பிட்டால் அது கேவியர் என்னும் விலையுயர்ந்த பண்டமாகிறது. சதையைவிடச் சினைக்கே மதிப்பு. அங்கேதான் சோதனையும் தொடங்குகிறது.

அந்த மீன் மெதுவாக வளர்வது. அந்த ஆற்றில் பெண் மீன் முட்டையிடும் பருவத்தை அடைய ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதன்பின்பும் ஆண்டுதோறும் முட்டையிடாது. ஆகையால் அங்குள்ளவர்கள் தங்களுக்கு எல்லை வகுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஓராண்டில் ஒரே மீன். அப்பகுதி முழுவதற்கும் ஏறக்குறைய 1,000 மீன்கள் என்று ஓர் அளவு. அந்த அளவு எட்டப்பட்டால் பருவம் முடியுமுன்னே பிடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சினையைத் தனி மனிதர் விற்கலாகாது. 1990 முதல் கிளென்டைவ் என்னும் ஊரின் வணிகர் சங்கம் ஒரு ஏற்பாடு செய்தது: மீனைப் பிடித்தவர் சினையைப் பொதுவுக்குக் கொடுத்தால், அவருடைய மீனை இலவசமாய் அரிந்து சுத்தம் செய்து கொடுப்பார்கள். சினையை விற்ற பணம் மீன்களைப் பற்றிய ஆய்வுக்கும், ஊர்ப் பொதுக்காரியங்களுக்கும் செலவாகிறது. அண்மையில், 2022இல், அந்த அணையைச் சுற்றி மீன்கள் மேலே ஏறிச்செல்ல ஒரு சுற்றுக் கால்வாயும் திறக்கப்பட்டது. சினை மீனைப் பிடிப்பதை அவர்கள் முற்றிலும் விட்டுவிடவில்லை. ஆனாலும் எண்ணிப் பிடிக்கிறார்கள். போதும் என்று சொல்லக் கற்றிருக்கிறார்கள்.

இந்த இனத்திற்குச் சீனாவின் யாங்சி ஆற்றில் ஓர் உறவு மீன் இருந்தது. சீனத் துடுப்பு மீன் என்பது அதன் பெயர். அளவுக்கு மிஞ்சிய மீன்பிடிப்பால் ஏற்கெனவே குறைந்திருந்த அது, 1981இல் கெச்சோபா அணை குறுக்கே எழும்பியபோது முட்டையிடும் மேலாற்றுக்குச் செல்ல முடியாமற்போயிற்று. 2003இல் உயிரோடு காணப்பட்டதே கடைசி. 2022இல் அந்த இனம் அற்றுப்போயிற்று என்று உலகப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. 2021 முதல் யாங்சி ஆற்றில் பத்தாண்டு மீன்பிடித் தடையைச் சீன அரசு விதித்திருக்கிறது. மற்ற மீன்களுக்கு அது உதவலாம். துடுப்பு மீனுக்கு உதவாது. தேவன் ஐந்தாம் நாளில் ஆசீர்வதித்த ஓர் இனம் நம்முடைய தலைமுறையில், நம்முடைய கண்களுக்கு முன்பாக முடிந்துபோயிற்று. மனந்திரும்புதலுக்குக் காலம் உண்டு. காலம் கடந்தும் போகும் என்பதை இதைவிடத் தெளிவாய் எப்படிச் சொல்வது?

எழக்கூடிய கேள்விகள்

“ஆண்டவரே வலை கிழியும் அளவுக்கு மீன்களைக் கொடுத்தாரே” என்று ஒருவர் கேட்கலாம். கொடுத்தார். ஆனால் லூக்கா 5ஆம் அதிகாரத்தில், அந்தப் பெருந்திரளைக் கரையேற்றிய சீஷர்கள் எல்லாவற்றையும் விட்டு அவருக்குப் பின்சென்றார்கள் என்று அந்த நிகழ்ச்சி முடிகிறது. யோவான் 21இல் பிடிபட்ட மீன்கள் நூற்றைம்பத்து மூன்று என்று எண்ணப்பட்டிருக்கின்றன, வலையும் கிழியவில்லை. ஐயாயிரம் பேரைப் போஷித்த அன்றும், மீதியானவை வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார். நம் ஆண்டவருடைய கரத்தில் ஏராளமும் உண்டு, வீணாக்காமையும் உண்டு.

ஏராளத்தைக் கண்டு அளவை மறந்தவர்களின் கதையும் திருமறையில் இருக்கிறது. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் எகிப்தில் செலவில்லாமல் தின்ற மீனை நினைத்து அழுதார்கள். காற்று அடித்துக் கொண்டுவந்த காடைகளைப் பகல் முழுவதும், இரவு முழுவதும், மறுநாள் முழுவதும் வாரிக் குவித்தார்கள். வழிபோகிற பறவை அது. ஓய்ந்து தாழப் பறந்து கைக்கெட்டிய நேரத்தில் வாரப்பட்டது. அந்த இடத்திற்கு இச்சையின் பெயரே கல்லறைப் பெயராய் நிலைத்துவிட்டது. பசிக்குத் தின்றதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை.

“ஆற்றைக் கெடுப்பது அணையும் மணல் அள்ளுவதும் கழிவு நீருமல்லவா? எங்கள் கொக்கிதானா பெரிதாய்த் தெரிகிறது?” என்று மற்றொருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய அழிவுகளுக்கு எதிராகக் குடிமக்களாக நாம் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் அணை நம் கையில் இல்லை. கொக்கி நம் கையில் இருக்கிறது. கொஞ்சத்தில் உண்மையாயிருப்பதைக் குறித்து ஆண்டவர் சொன்னது இங்கே பொருந்தும். மேலும், அணையாலும் அழுக்காலும் மீன்கள் குறைந்துபோன ஆற்றில், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு சினை மீனும் முன்னிலும் அதிக மதிப்புடையது.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பாரமாயிருக்கிறது. “ஏழை மீன்பிடிகாரன் அந்த நாட்களில் எதை உண்பான்?” வெள்ளம் வரும் சில வாரங்களே அவனுக்கு வருமானம் தரும் காலம். அவனிடம் போய்க் குருவிக்கூட்டின் கட்டளையைப் பிரசங்கிப்பது எளிது. அவனுடைய அடுப்பைக் குறித்துக் கவலைப்படாமல் அதைச் செய்தால் அது அன்பாகாது. நம் கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதபடி தடை இருக்கிறது. அந்நாட்களுக்காக மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வழங்குகிறது. வங்கதேசத்தில் இலிஷ் மீன் முட்டையிடும் காலத்தில், அக்டோபர் மாதத்தையொட்டி 22 நாட்கள் அதைப் பிடிக்கத் தடை. அந்நாட்களில் மீனவர்களுக்கு அரிசி கொடுக்கப்படுகிறது. அதாவது, காத்திருக்கச் சொல்லுகிறவர்கள் காத்திருப்பவனின் பசியிலும் பங்கெடுக்க வேண்டும்.

உண்மையில், மதகடியில் நிற்பவனைவிடச் சந்தையில் நிற்கும் நாமே இதில் பெரிய பங்காளிகள். “சினையோடு இருக்கிறதா?” என்று கேட்டு, இருந்தால் கூடுதல் விலை கொடுக்கிறோம். நம் கேள்விக்குத்தான் அந்தக் கொக்கி ஆற்றில் விழுகிறது.

நம் சட்டியில் என்ன இருக்கட்டும்?

நம் வீடுகளில் மீன் சமைப்பது ஒரு கலை. கெளுத்தியின் வழுவழுப்புப் போகச் சாம்பலும் கல்லுப்பும் இட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசுவதும், கெண்டையின் செதிலை அரிவாள்மணையில் களைவதும், பித்தப்பை உடைந்து கசந்துவிடாதபடி குடலை எடுப்பதும், மண்சட்டியில் புளிக்கரைசல் கொதித்து வற்றி எண்ணெய் பிரிகையில் துண்டுகளை மெதுவாய் இறக்குவதும், மறுநாள் காலையில் அந்தக் குழம்பு இன்னும் சுவையாய் இருப்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மகிழ்ச்சியை தேவன் நமக்குத் தந்திருக்கிறார். விடியற்காலத்துக் கரியடுப்பில் மீனைச் சுட்டு, களைத்து வந்தவர்களை உண்ண அழைத்த ஆண்டவர், நம் மீன்குழம்பை வெறுக்கிறவரல்லர்.

அந்த மகிழ்ச்சி நம் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். அதற்காக நம் சபை சில தீர்மானங்களைத் தன்மேல் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

மின்சாரம் பாய்ச்சியோ, வெடி வைத்தோ, நஞ்சு கலந்தோ பிடித்த மீன் நம் வீடுகளுக்குள் வரக்கூடாது. வெடியையும் நஞ்சையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. நூற்றாண்டுக்கு மேலான அந்தச் சட்டம் இருந்தும், நம் மனச்சாட்சி அதற்குப் பின்னால் நிற்பது அழகல்ல.

புதுவெள்ளம் வந்த நாள் தொடங்கி நாற்பது நாட்கள், ஆற்றிலும் வாய்க்காலிலும் மதகடியிலும் பிடித்த மீனை வாங்காமலும் பிடிக்காமலும் இருப்போம். லெந்து நாட்களில் நாற்பது நாள் புலால் தவிர்க்க அறிந்த நமக்கு இது புதிய பழக்கமல்ல. மீன் வேண்டுமென்றால் வளர்ப்புக் குளங்களின் கட்லாவும் ரோகுவும் மிருகாலும் சந்தையில் கிடைக்கின்றன. அவை தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடாதவை. 1957இல் ஹீராலால் சவுத்ரி என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தவர்களும், ஊசி மூலம் அவற்றை முட்டையிடவைக்கும் முறையைக் கண்டதிலிருந்து, பண்ணைகளில் பொரித்த குஞ்சுகளே குளங்களில் விடப்படுகின்றன. அவற்றை உண்பதால் ஆற்றின் ஏற்றம் தடைபடாது.

குஞ்சுக்கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலை எந்தக் காலத்திலும் தொடாமல் விடும்படி நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். ஓய்வுநாள் பள்ளியில் உபாகமம் 22ஐக் கற்றுக்கொடுக்க, நம் ஊர்க் குட்டையைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

கடைசியாக, நம் பகுதியில் உள்நாட்டு மீன்பிடிப்பையே நம்பி வாழும் குடும்பங்கள், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களாயினும், அந்த நாற்பது நாட்களுக்கு அரிசி பெறும்படி அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்கலாம். நம் பண்டிகையில் நெல்லும் கரும்பும் பூசணியும் பீடத்தின் முன் வந்து சேருகின்றன. ஆற்றின் விளைச்சலையும் தேவனுடைய அறுப்பாக எண்ணினால், அந்த விளைச்சலுக்காகக் காத்திருப்பவனுக்கும் அதில் பங்கு உண்டு. இதைச் சபைக் குழுவின் முன் வைக்க இருக்கிறேன். உங்கள் எண்ணங்களை எனக்குத் தெரிவியுங்கள். மாறுபட்ட கருத்து உள்ளவர்களையும், குறிப்பாக ஆற்றை என்னைவிட நன்றாய் அறிந்த மூத்தவர்களையும், கேட்க விரும்புகிறேன்.

பிரியமானவர்களே, உல்லத்தைத் திரும்பக் கொள்ளிடத்தில் ஏற்றுவது நம்மால் இயலாது. கெண்டையும் கெளுத்தியும் விராலும் இன்னும் ஏறிவருகின்றன. அடுத்த வெள்ளத்தில் மதகடியில் அவை திரண்டு நிற்கும்போது, நாற்பது நாள் பொறுப்பதே கர்த்தர் நம்மிடத்தில் கேட்கிற எளிய கட்டளை என்று நான் விசுவாசிக்கிறேன்.

ஜெபம்

ஐந்தாம் நாளில் நீர்வாழ் உயிர்களை ஆசீர்வதித்த எங்கள் பிதாவே, எங்கள் ஆறுகளுக்காகவும் ஏரிகளுக்காகவும் உம்மைத் துதிக்கிறோம். எடுத்துக்கொள்ள அனுமதித்தீர், போகவிடவும் கற்பித்தீர். அளவறிந்து உண்ணவும், காத்திருக்கவும், காத்திருப்பவர்களின் பசியில் பங்கெடுக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் பிள்ளைகளின் நாட்களிலும் புதுவெள்ளத்தில் மீன்கள் ஏறிவரச் செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.